முதல் பதிலுக்கே வக்கீல் வேண்டும்

மருத்துவக் காப்பீட்டு கிளைமை மறுக்கும் கடிதம் இப்போதெல்லாம் மெயிலில்தான் வருகிறது. ஆங்கிலத்தில் இருக்கும். முதல் பத்தியில் நலம் பெற வாழ்த்துவார்கள். இரண்டாவது பத்தியில்தான் விஷயம்: நோயாளிக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பது மருத்துவமனை ஆவணங்களில் தெரியவருகிறது, பாலிசி எடுக்கும்போது படிவத்தில் இதைத் தெரிவிக்கவில்லை, ஆகவே கிளைம் நிராகரிக்கப்படுகிறது. கீழே ஒரு விதி எண் இருக்கும். இது கணினி உருவாக்கிய கடிதம், கையெழுத்து தேவையில்லை என்றும் இருக்கும்.

அந்தப் 'பத்தாண்டு' எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால், பெரும்பாலும் அவசர சிகிச்சைப் பிரிவில் கொண்டுபோய் விடும். நள்ளிரவில் நெஞ்சு வலியோடு அப்பாவை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்த மகனிடம் டியூட்டி டாக்டர் கேட்கிறார்: "சுகர் இருக்கா? எத்தனை வருஷமா?" மகன் சொல்கிறான்: "இருக்கு சார், ரொம்ப நாளா. ஒரு பத்து வருஷம் இருக்கும்." அவனுக்கு அப்போது நான்கு வருஷமும் ஒன்றுதான், பதினாலு வருஷமும் ஒன்றுதான். கேஸ் ஷீட்டில் 'பத்து' ஏறிவிடுகிறது. அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகிறது. அங்கிருந்து காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்கு. பாலிசி எடுத்தது நான்கு வருடத்துக்கு முன்பு என்றால் கணக்கு முடிந்தது.

அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்தக் கட்டுரையின் கவலை. மறுப்பு மெயிலைப் பார்த்த மகன் அன்று ராத்திரியே கொதித்துப்போய் பதில் எழுதுகிறான்: 'அப்பாவுக்குச் சுகர் பல வருஷமாக இருப்பது உண்மைதான், அதற்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம்? படிவத்தை நிரப்பியது உங்கள் ஏஜென்ட், நாங்கள் கையெழுத்து மட்டும்தான் போட்டோம்.' நியாயமான கோபம். ஆனால், நோய் முன்பே இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. மருத்துவமனைக் குறிப்பில் யாரோ எழுதிய ஒரு வரி மட்டும் அதற்குப் போதாது. எழுதிய டாக்டரின் பிரமாணப் பத்திரமோ, பாலிசிக்கு முந்தைய சிகிச்சைச் சீட்டோ, ரத்தப் பரிசோதனை முடிவோ வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்கள் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கின்றன. நிறுவனம் அலைந்து திரட்ட வேண்டிய அந்தச் சாட்சியத்தை மகன் தன் சொந்த மெயிலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

ஓராண்டு கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்டிய பிறகு, ஃபைலைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போவார்கள். கோர்ட்டில் நன்றாக வாதாடுகிறவராக விசாரித்துப் போவார்கள். அவர் ஃபைலைப் புரட்டி அந்த மெயிலைப் படித்ததும் தலையில் கைவைத்துக்கொள்வார். காப்பீட்டு வழக்கில் வாதத் திறமைக்கு இருக்கும் இடம் மிகக் குறைவு. ஜெயிப்பதும் தோற்பதும் காகிதத்தில்தான். அந்தக் காகிதங்களில் முக்கியமானவை வழக்கு என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகின்றன. வக்கீலுக்கு ஒரே ஒரு முறைதான் பணம் கொடுக்க முடியும் என்ற நிலையில் இருப்பவர், அதை மறுப்புக் கடிதம் வந்த வாரத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. வக்காலத்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தைப் படிக்கவும் பதிலைத் திருத்தவும் ஒரு மணி நேரம் போதும்.

அந்த ஒரு மணி நேரத்தில் விவரம் தெரிந்த வக்கீல் என்ன செய்வார்? உடனே பதில் எழுத மாட்டார், கேட்பார். முன்மொழிவுப் படிவத்தின் நகல் எங்கே? அதைப் பாலிசியோடு சேர்த்துத் தரவேண்டும் என்பது விதி. நம்மில் யாரும் பத்திரப்படுத்தி வைப்பதில்லை. மருத்துவமனையின் முழு கேஸ் ஷீட் எங்கே? எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. மறுப்பை முடிவு செய்தது யார்? காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கையின்படி, எந்த மருத்துவக் காப்பீட்டு கிளைமையும் ஒரு தனி அலுவலர் தன்னிச்சையாக மறுத்துவிட முடியாது. மூன்று பேர் கொண்ட கிளைம் மறுஆய்வுக் குழு போன்ற ஓர் அமைப்பின் ஒப்புதல் வேண்டும். பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் மறுக்கப்படுகிறது என்பதையும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். 'அந்தக் குழுவின் முடிவைக் காட்டுங்கள்' என்று அடக்கமாக எழுதப்படும் நான்கு வரிக் கடிதம், கொதித்து எழுதிய நான்கு பக்கத்தை விட வேலை செய்யும்.

இன்னொரு சங்கதி பொதுமக்களுக்கு அநேகமாகத் தெரியாது. மறுப்புக் கடிதம் நம்மை மட்டுமல்ல, அதை எழுதிய நிறுவனத்தையும் கட்டிப்போடுகிறது. கடிதத்தில் சொல்லாத ஒரு காரணத்தைப் பிறகு விசாரணையின்போது புதிதாகக் கிளப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2016இலும் 2019இலும் தீர்ப்பளித்திருக்கிறது. நிறுவனம் ஒரு காரணம் சொல்லியிருந்தால் சண்டை அந்த ஒன்றைப் பற்றியது மட்டுமே. ஆனால் நாமோ பதில் எழுதுகிறேன் என்று கேட்காததற்கெல்லாம் விளக்கம் கொடுத்து, அவர்கள் கண்ணில் படாத ஓட்டைகளையும் காட்டிக்கொடுத்துவிடுகிறோம்.

காலக் கணக்கும் பார்க்க வேண்டும். மருத்துவ பாலிசி இடைவெளி இல்லாமல் ஐந்து ஆண்டு ஓடியிருந்தால், நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தையே கிளப்ப முடியாது. மோசடி என்று நிரூபித்தால்தான் உண்டு. எட்டு ஆண்டாக இருந்த இந்த வரம்பு 2024இல்தான் ஐந்தாகக் குறைந்தது. ஆயுள் காப்பீட்டில் இன்னும் கறார்: 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை எந்தக் காரணத்தைச் சொல்லியும் கேள்விக்கு உள்ளாக்க முடியாது என்கிறது. நடுவில் பிரீமியம் கட்டாமல் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் மட்டும் அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். கணவரை இழந்த பெண்களிடம் இந்தத் தேதிகளை யாரும் கேட்பதில்லை. 'அவருக்கு என்ன வியாதி இருந்தது?' என்றுதான் கேட்கிறார்கள், அவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.

எல்லா மறுப்பும் அநியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு முறை ஸ்டென்ட் வைத்ததை மறைத்து பாலிசி எடுத்தவருக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. முக்கியமான உடல்நிலைத் தகவலை மறைத்தால் கிளைமை மறுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொன்னது. அப்படிப்பட்ட ஃபைலைப் படித்துவிட்டு 'இதில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்கிற வக்கீலுக்குத்தான் ஃபீஸைச் சந்தோஷமாகக் கொடுக்க வேண்டும். அதே நீதிமன்றம் 2021 டிசம்பரில் இன்னொரு பக்கத்தையும் காட்டியது. அமெரிக்கா போவதற்காக பயணக் காப்பீடு எடுத்த ஒருவர் தனக்குச் சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருந்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்தது. போய் இறங்கியதும் மாரடைப்பு. கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று கிளைமை மறுத்தார்கள். ஆளைப் பரிசோதித்து, நிலையைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த பிறகு அதே உடல்நிலையைக் காட்டி மறுக்கக் கூடாது என்றது நீதிமன்றம். 2022 நவம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் சுவையானது. தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்த கடைக்குத் தீக்காப்பீடு, நிறுவனத்தின் ஆள் வந்து கடையைப் பார்த்துவிட்டுத்தான் போனார், பிரீமியமும் வாங்கிக்கொண்டார்கள். தீப்பிடித்த பிறகு 'கீழ்த்தளத்துக்குக் காப்பீடு இல்லை' என்று ஒரு விதியை எடுத்துக் காட்டினார்கள். வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லாத விலக்கு விதியை வைத்துக்கொண்டு பணத்தை மறுக்க முடியாது என்று முடிந்தது.

வக்கீலே தேவையில்லாத சண்டைகளும் உண்டு. அறை வாடகைப் பிடித்தம் அதில் ஒன்று. பாலிசியில் நாள் வாடகை வரம்பு 5,000 ரூபாய். எடுத்தது 8,000 ரூபாய் அறை. அறுவை சிகிச்சை, டாக்டர், நர்ஸிங் என்று 2 லட்சம் பில் என்றால் எட்டில் ஐந்து பங்கு, 1,25,000 ரூபாய்தான் தருவார்கள். இது விதிப்படி சரி. ஆனால் இதே விகிதத்தில் மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி, ஐ.சி.யு. கட்டணம் எல்லாவற்றையும் வெட்டியிருந்தால் அது தவறு. அவற்றில் வெட்டக் கூடாது. கால்குலேட்டரும் பில்லும் போதும், யாருக்கும் ஃபீஸ் கொடுக்க வேண்டாம். முழுத் தொகையும் தீர்ந்ததாகக் கையெழுத்துக் கேட்டால் 'ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று எழுதிப் போடுங்கள். வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மீதியைக் கேட்க வழி உண்டு. ஆனால் கையெழுத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் அடுத்த வாசல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஆம்புட்ஸ்மேன் என்றால்தான் பலருக்குத் தெரியும். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலையில் அலுவலகம். கட்டணம் கிடையாது. 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம். 2023 வரை 30 லட்சமாக இருந்தது. ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், வீடியோவில் விசாரணை நடக்கலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நம்மைக் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தீர்ப்பை 30 நாளில் நிறைவேற்றாத நிறுவனம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும். இவ்வளவு நல்ல வாசலுக்கு ஒரு நிபந்தனை: வக்கீல் உள்ளே வரக் கூடாது. பாதிக்கப்பட்டவரோ, வாரிசோ, நாமினியோதான் பேச வேண்டும்.

சாமானியருக்குச் செலவு வேண்டாம், சட்டச் சிக்கல் வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் வைத்த விதி இது. நிறுவனமும் வக்கீலைக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் நிறுவனத்தின் சார்பில் வந்து உட்காருகிற அதிகாரி யார்? வாரத்துக்கு இத்தனை என்று இதே வேலையைச் செய்பவர். பாலிசியின் ஒவ்வொரு உட்பிரிவும் அவருக்கு மனப்பாடம். எதிரில் உட்கார்ந்திருப்பவர் கணவரை இழந்து ஐந்தாறு மாதம்கூட ஆகாத ஒரு பெண். அவர் இந்த அறைக்கு வருவது வாழ்க்கையில் முதல் முறை, அநேகமாகக் கடைசி முறையும்கூட. இரண்டு பக்கமும் வக்கீல் இல்லை என்பதால் தராசு சமமாகிவிடுமா? வெளியில் வக்கீலைக் கொண்டு புகாரை எழுதவைப்பதற்கு இந்த விதியில் தடை இல்லை. உள்ளே வந்து பேசத்தான் தடை. அந்தப் பெண் கையில் இருக்கும் இரண்டு பக்கப் புகார், தேதி வாரியாக, ஆவண எண்களோடு, எந்தக் காரணத்துக்கு எது பதில் என்று ஒழுங்காக இருந்தால் அவர் அதிகம் பேசவே வேண்டியதில்லை.

இங்கே அவசரக்கார வக்கீல்களால் ஒரு கெடுதலும் நடக்கிறது. ஃபைல் வந்ததும் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கைப் போட்டுவிடுகிறார்கள். அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன் வாசல் மூடிவிடும். முதலில் இலவச வாசல், அது பலிக்காவிட்டால் ஆணையம் என்ற வரிசையைச் சொல்லித்தருவது வக்கீலின் கடமை. மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஆம்புட்ஸ்மேன், இரண்டாண்டுக்குள் நுகர்வோர் ஆணையம் என்ற கெடுவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கஸ்டமர் கேருக்கு அனுப்பும் நினைவூட்டல்களால் இந்தக் கெடு நீளாது.

நுகர்வோர் ஆணையத்திலும் நாமே வாதாடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வழக்கின் மதிப்பு நாம் கட்டிய தொகையை வைத்துத்தான். காப்பீட்டில் அது பிரீமியம். ஒரு கோடி ரூபாய் கிளைம் என்றாலும் பிரீமியம் சில ஆயிரம்தான் என்றால் சொந்த ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆனால் இங்கே நிறுவனத்தின் பேனல் வக்கீல் வருவார். பதிலுரை, புலனாய்வாளரின் அறிக்கை, பிரமாணப் பத்திரம் என்று அடுக்குவார். ஜெயித்தால் மேல்முறையீடு, அதற்கு அவர்கள் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும் என்பது ஒரு ஆறுதல். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பிக் காலண்டரில் குறித்து வைக்க வேண்டாம். தொகை பெரிது, மருத்துவச் சாட்சியம் சிக்கலானது, மோசடி என்று குற்றம்சாட்டியிருக்கிறார்கள் என்றால் இங்கே தனியாகப் போவது வீம்பு. தீ விபத்தில் சரக்கை இழந்த பட்டறைக்காரர்கள் இன்னும் முன்னதாக, சர்வேயர் வந்து நிற்கும்போதே ஆலோசனை கேட்டிருக்க வேண்டியவர்கள்.

எவ்வளவு ஃபீஸ்? 'ஜெயித்தால் இத்தனை சதவீதம்' என்ற பேச்சு நம் ஊரில் சகஜம். இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி அது ஒழுங்கீனம். விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் சதவீதக் கணக்கில் ஃபீஸ் கேட்ட வக்கீலின் கோரிக்கை செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தடை சரியானதே, கால் இழந்தவரின் இழப்பீட்டில் பங்கு கேட்பது எந்த வகையிலும் தொழில் தர்மம் அல்ல. ஆனால் மருத்துவமனை பில்லுக்கு நகையை அடகு வைத்தவர் முன்பணம் எங்கிருந்து கொடுப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் 'கிளைம் வாங்கித் தருகிறோம்' என்ற புதிய ஆலோசகர்கள் நுழைந்திருக்கிறார்கள். அவர்கள் வக்கீல்கள் இல்லை, பார் கவுன்சில் கட்டுப்பாடும் இல்லை; எனவே தாராளமாகச் சதவீதம் பேசுகிறார்கள். நன்றாகச் செய்பவர்களும் இருக்கலாம். ஆனால் ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகக் கொடுக்கக்கூடிய புகாரைத் தட்டச்சு செய்து கொடுத்ததற்காகக் கிளைமில் பங்கு கொடுப்பது எனக்கு உறுத்துகிறது.

வக்கீலிடம் கட்டம் கட்டமாகப் பேசலாம்: ஃபைலைப் படித்துக் கருத்துச் சொல்ல இவ்வளவு, கடிதம் எழுத இவ்வளவு, வழக்குப் போட்டால் இவ்வளவு. எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: பாலிசியின் முழு நிபந்தனைப் புத்தகத்தையும் முன்மொழிவுப் படிவத்தையும் கேட்கிறாரா என்று பாருங்கள். அதைக் கேட்காமல் 'மன உளைச்சலுக்கு அஞ்சு லட்சம் போடுவோம்' என்று ஆரம்பிப்பவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

காசே கொடுக்க முடியாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் எல்லோருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தர வேண்டும். அழைக்க வேண்டிய எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்புகூடக் கிடையாது. கணவரின் ஆயுள் காப்பீட்டுக்காக அலையும் எந்தப் பெண்ணும் நாளைக் காலையே மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்குப் போய்க் கேட்கலாம். காப்பீட்டுத் தகராறுகள் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தின் வரம்பிலும் வருகின்றன. சமரசம் ஏற்படாவிட்டால் தீர்ப்பே சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. செய்ய வேண்டியது இரண்டு. பாலிசியின் சுருக்க விவரத் தாளை வாடிக்கையாளர் கேட்டால் அவர் மொழியில் கொடுக்க வேண்டும் என்று விதி வைத்தவர்கள், மறுப்புக் கடிதத்தை மட்டும் ஆங்கிலத்தில் விட்டுவைத்திருப்பது ஏன்? விற்பனைக்குத் தமிழ், மறுப்புக்கு ஆங்கிலமா? இரண்டாவது, மறுப்பு மெயிலோடு முன்மொழிவுப் படிவத்தின் நகலையும், எந்த மருத்துவக் குறிப்பை நம்பி மறுத்தார்களோ அந்தப் பக்கத்தையும் கட்டாயம் இணைக்கச் சொல்ல வேண்டும். ஆயுள் காப்பீட்டில், காரணத்தையும் அதற்கு ஆதாரமானவற்றையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 45ஆவது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. மருத்துவக் காப்பீட்டுக்கும் அதையே நீட்டிப்பதில் என்ன கஷ்டம்? ஆம்புட்ஸ்மேன் அலுவலகங்களும், வக்கீலை உள்ளே விட மனமில்லை என்றால், சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஒரு தன்னார்வலரை வாசலில் உட்காரவைத்து, வருகிறவர்களின் புகாரை ஒழுங்குபடுத்தித் தரச் சொல்லலாம். சென்னையில் சட்டம் படிக்கும் மாணவர்களுக்குப் பஞ்சமில்லை.